பாழுங்கிணற்றில் வைத்த வெடி

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தைத் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் நடந்தது இது. அப்போது நான் சென்னையில் சினிமா ஒலிப்பதிவு படித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடப் படிப்பில் கடைசி வருடம்.

சினிமா படிக்கிறேன் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எந்த நடிகரைப் பக்கத்தில் பார்த்தாய் என்பதுதான். நான் பக்கத்தில் பார்த்ததெல்லாம் ஒயர்களைத்தான். முதல் வருடம் முழுவதும் மைக் ஒயரை முறுக்கு விழாமல் சுற்றக் கற்றுக்கொண்டேன். இரண்டாம் வருடம், டேப்பை பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டப் பழகினேன். முறத்தில் பயறை உருட்டினால் மழை. சிரட்டையைத் தட்டினால் குதிரை. தகரத்தை உதறினால் இடி. எல்லாமே பொய்ச் சத்தங்கள். கடைசி வருடம்தான் எங்கள் ஆசிரியர், நாலு சுவருக்குள் செய்தது போதும், வெளியே போய் ஆளுக்கொரு நிஜமான சத்தத்தைப் பிடித்து வாருங்கள் என்றார்.

ஒருவன் கப்பல் சங்கு என்றான். இன்னொருவன் கூட்ஸ் வண்டி என்றான். நான் எழுந்து, "வெடிச் சத்தம் கொண்டுவருகிறேன் சார், எனக்கு விருதுநகர்" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. உண்மையில் எங்கள் ஊரில் பருத்தியும் எண்ணெயும் வத்தலும்தான். சிவகாசிக்கு அத்தனை பக்கத்தில் இருந்தும் ஒரு பட்டாசுத் தொழிற்சாலைக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் அதைச் சொல்லவில்லை. ஆசிரியர் மட்டும், "நிஜ வெடி மைக்கில் துணி கிழிகிற மாதிரிதான் விழும். பார்த்துக்கொள்" என்றார்.

தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய டேப் ரெக்கார்டர் எங்கள் கல்லூரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாட்டரியில் ஓடும். கையெழுத்துப் போட்டு, ஐந்து நாளில் திருப்பித் தருவதாக வாங்கி, ரயிலில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

சிவகாசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் என் அக்கா நர்சாக இருந்தாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவள் குவார்ட்டர்சில்தான் தங்கினேன். அக்காவிடம் கையில் தீக்காயத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட போர்மேன் ஒருவர் அந்தத் தொழிற்சாலையில் இருந்தார். "சிஸ்டரோட தம்பின்னா எங்களுக்கும் தம்பிதான்" என்று முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார். வெடிமருந்து அறைகளின் பக்கமே போகக் கூடாது. செருப்பு போடக் கூடாது. வேலிக்கு வெளியே, வெடிகளைச் சோதித்துப் பார்க்கும் பொட்டலில் மட்டும் ரெக்கார்டரை வைக்கலாம். இவைதான் நிபந்தனைகள்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, அன்று செய்த சரக்கிலிருந்து கொஞ்சம் எடுத்து வெடித்துப் பார்ப்பார்கள். முதல் நாள் அதைப் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தால், ஆசிரியர் சொன்னபடியே துணி கிழிகிற சத்தம். அதற்கு மேலே ஆடிக்காற்று. மைக்கைச் சுற்றித் துணி கட்டினேன், கூடையைக் கவிழ்த்தேன். இரண்டாம் நாளும் அதே கதைதான். ஹெட்போனைக் கழற்றினால் காது நிறைய வெடிக்கிறது. மாட்டினால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து முறத்தால் புடைக்கிற மாதிரி இருக்கிறது.

இரண்டாம் நாள் திரும்பும்போது பொட்டலின் மேற்கு ஓரத்தில் ஒரு பாழுங்கிணறு கண்ணில் பட்டது. தண்ணீர் வற்றி வருடக்கணக்காகியிருக்கும். சும்மா ஒரு கல்லைப் போட்டேன். அடியில் விழுந்த கல் 'கும்' என்று பதில் சொன்னது. சினிமாவில் மலையைப் பிளப்பதற்கு வேண்டிய சத்தம் இதற்குள் இருக்கிறது என்று தோன்றியது.

போர்மேனிடம் ஓடினேன். பெரிய வெடிகள் பத்தை ஒன்றாகக் கட்டிக் கிணற்றுக்குள் வைத்து வெடிக்க வேண்டும், காலையில் காற்று குறைவாக இருக்கும்போது செய்ய வேண்டும் என்றேன். அவர் ஊர் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"தம்பி, நாலு மணி வேட்டுன்னா இங்கன எல்லாருக்கும் தெரியும். அடுப்பு ஊதுறவகூடத் திரும்பிப் பாக்க மாட்டா. வேற நேரத்துல கேட்டா பதறிப்போவாக. பிள்ளைக அம்புட்டும் இங்கதான வேலை செய்யுது?"

நான் விடவில்லை. ஒரே ஒரு தடவை என்றேன். இயந்திரத்தை மறுநாளே திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்றேன். அவருக்குச் சினிமா என்றால் பிரியம். அவர் போட்ட வெடி திரையில் கேட்கும் என்றும் சொன்னேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி. காலைல ஊருக்குள்ள ஆள் விட்டுச் சொல்லிருதேன். அவன் திரும்பி வந்து தலையைக் காட்டுனப்புறம் நீங்க கையைத் தூக்குங்க. அதுக்கு முன்னால மட்டும் வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு ஒருவர் சைக்கிளில் ஊருக்குக் கிளம்பினார். ஊர் கிழக்கே ஒன்றரை மைல். போய்ச் சொல்லிவிட்டு வர அரைமணிக்கு மேல் ஆகாது. வெடி சோதிக்கும் தொழிலாளி வெடிக்கட்டைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, நீளத் திரியின் முனையைக் கையில் பிடித்தபடி மேலே உட்கார்ந்திருந்தார். நான் நூறு கெஜம் தள்ளி ஒரு மண்மேட்டுக்குப் பின்னால். எங்கள் இருவருக்கும் அடையாளம் என் கைதான். நான் தூக்கினால் அவர் திரியில் நெருப்பு வைப்பார். போர்மேன், உள்ளே வேலை செய்கிறவர்களிடம் வெடி வைக்கப்போவதைச் சொல்வதற்காக அறை அறையாகப் போனார்.

பத்து மணி ஆயிற்று. சைக்கிள் வரவில்லை. பத்தேகால். அப்போதும் வரவில்லை. காற்று வேலிக்கம்பியில் விசில் அடித்துக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற இன்னும் பலமாகும் என்று எனக்குத் தெரியும். ரெக்கார்டரை ஓடவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது காற்று நின்றது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் ஹெட்போனில் நான் கேட்டதில்லை. தூரத்தில் ஒரு மாட்டின் கழுத்துமணி, அவ்வளவுதான். எந்த நிமிடமும் காற்று திரும்பி வரலாம். ஒலிப்பதிவு படிக்கிறவனுக்கு அந்த அமைதி புதையல் மாதிரி. சைக்கிள்காரர் இந்நேரம் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டிருப்பார், ஊருக்குப் போவதுதானே முக்கியம், திரும்பி வருவதா முக்கியம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

கையைத் தூக்கினேன்.

திரி சீறியது. பிறகு பூமிக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழும்பியது. அதை எப்படி எழுதுவதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. என் அடிவயிற்றில் மோதி, மேட்டு மண்ணை உதிர்த்துவிட்டு, கிணற்றுக்குள்ளேயே உருண்டு உருண்டு அடங்கியது. ரெக்கார்டரில் ஒலி அளவைக் காட்டும் முள் விளிம்பு வரை போய், தாண்டாமல் திரும்பியது. கிணற்றிலிருந்து புகை ஆளுயரம், பனை உயரம் என்று வெள்ளையாக ஏறியது. நான் துள்ளிக் குதித்தேன். வகுப்பில் யாருக்கும் கிடைக்காத சத்தம் என் டேப்பில் இருந்தது.

சத்தம் முழுவதும் அடங்கட்டும் என்று ரெக்கார்டரை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். ஹெட்போனில் ஏதோ பறவைக் கூட்டம் போல ஒன்று கேட்டது. மைக்கைக் கிழக்குப் பக்கம் திருப்பினேன். பறவை இல்லை. பெண்கள். நிறையப் பெண்கள் ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். ஒவ்வொரு பெயராகக் காதுக்குள் வந்து விழுந்தது. முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஹெட்போனைக் கழற்றிப் போட்டேன்.

எழுந்து பார்த்தேன். கிழக்கே கரிசல் காட்டில் பஞ்செடுத்து முடிந்து காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள், போட்டது போட்டபடி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். வண்டிப்பாதையில் ஒரு கூட்டம், உழவுக்காட்டின் குறுக்கே ஒரு கூட்டம். விழுந்து எழுந்து ஓடுகிறார்கள். வடம் அறுந்த மாடு மாதிரி ஒருவர் கூட்டத்துக்கு முன்னால் ஓடி வந்தார். தலைத்துண்டு அவிழ்ந்து பின்னால் பறந்தது. அவர்களுக்கு என்ன தெரியும்? நாலு மணி இல்லை. இதுவரை கேட்டிராத சத்தம். தொழிற்சாலைப் பக்கம் புகை.

வாசலுக்கு ஓடினேன். எனக்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். வாட்ச்மேன் வழக்கம்போலக் கதவைப் பூட்டி வைத்திருந்தார். உள்ளே எல்லோரும் அவரவர் அறையில் வேலையில் இருந்ததால் முற்றத்தில் ஒரு ஆள் கிடையாது. அந்த வெறும் முற்றத்தைப் பார்த்ததும் வெளியே நின்றவர்களுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. "கதவைத் தெறங்கய்யா! எம்புள்ளையக் காட்டுங்கய்யா!" என்று கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

போர்மேன் உள்ளிருந்து ஓடி வந்தார். ஒரு பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி அறைகளைப் பார்த்துக் கை தட்டி, "கையில உள்ளதை வச்சுட்டு அம்புட்டுப் பேரும் வெளிய வாங்க! ஓடாம வாங்க!" என்று குரல் கொடுத்தார்.

பெண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். முகத்திலும் கையிலும் அலுமினியப் பொடி படிந்து வெயிலில் மினுமினுத்தார்கள். கதவு திறந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க எனக்கு இரண்டு கண் போதவில்லை. ஒரு தாய் மகளின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று. இன்னொருத்தி மகளின் முதுகில் ரெண்டு வைத்துவிட்டு, பிறகு அதே முதுகைத் தடவினாள். தலைத்துண்டு பறக்க ஓடி வந்தவர் தன் மனைவியைக் கண்டதும் ஏதோ வேலையாக வந்த மாதிரி தள்ளி நின்று மூச்சு வாங்கினார். அவர் மனைவி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் வசவுமாக அந்த இடமே இரைந்தது.

"யாரு வச்ச வேட்டு இது?" என்று யாரோ கேட்டார்கள்.

போர்மேன் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் வைக்கச் சொன்னேன். ஊருக்குச் சொல்லிவிட்டு வைக்கச் சொன்னார், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்" என்று சொன்னேன். தைரியத்தில் சொன்னதாக நினைக்க வேண்டாம். சொல்லாமல் நிற்க முடியவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். காட்டில் பிடுங்கிய பருத்திமார் ஒன்று அவள் கையிலேயே இருந்தது. அவ்வளவு தூரமும் அதைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்திருக்கிறாள். அதைக் கொண்டே என் தோளில் ரெண்டு அடி அடித்தாள். மூன்றாவதுக்கு ஓங்கியவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். எனக்கு அந்த அடி வலிக்கவில்லை. இன்னும் நாலு அடித்திருக்கலாம் என்றுதான் இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் கதவருகே ஒரு பெண் தனியாக நிற்பதைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். அவள் கத்தவில்லை, அழவில்லை. வெளியே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரிசை முடிந்துவிட்டது. அவள் மகள் வரவில்லை.

போர்மேன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. அறைகளுக்குள் போய்ப் பார்த்தார்கள். இல்லை. காலையில் வேலைக்கு வந்திருக்கிறாள், அவள் தூக்குவாளி ஆணியில் தொங்குகிறது, அவளைக் காணோம். கிணற்றுப் பக்கம் போயிருப்பாளோ என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதைக் கேட்டதும் வெடி வைத்த தொழிலாளியும் நானும் பாழுங்கிணற்றுக்கு ஓடினோம். புகை அடங்கியிருந்தது. குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கருகிய காகிதங்களும் கற்களும் தவிர ஒன்றுமில்லை. இருந்தும் சுற்றியுள்ள புதர்களையெல்லாம் விலக்கி விலக்கித் தேடினேன். எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஜெபம் உண்டு. பாதி நாள் நான் தூங்கி வழிவேன். அன்று அந்தப் புதருக்குள் முட்டிபோட்டு, அப்பா சொல்லித்தந்த அத்தனை வார்த்தையையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

திரும்பி வாசலுக்கு வந்தபோது அந்தத் தாய் தரையில் உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்திருந்தார்கள். அவள் எதிரே நிற்க எனக்கு முடியவில்லை, அங்கிருந்து நகரவும் முடியவில்லை. அரைமணி நேரம் இருக்குமா? எனக்கு அது ஒரு முழு நாள்.

வண்டிப்பாதையின் கோடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருகிறார். பக்கத்தில் ஒரு பெண். இடுப்பில் குடம்.

நடந்தது இதுதான். ஊருக்குச் சொல்லப் போன சைக்கிள், பாதி வழியில் முள் குத்திப் பஞ்சராகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து ஒட்டிப் பார்த்து, ஒட்டாமல் போகவே தள்ளிக்கொண்டு போனவர் ஊர் எல்லையைத் தொடும் முன்பே வெடி வெடித்துவிட்டது. அந்தப் பெண்ணோ, போர்மேன் அறை அறையாகச் சொல்லிப் போன நேரத்தில் பின்வாசல் வழியாகத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். வெடி வைக்கும் விஷயமே அவளுக்குத் தெரியாது. சத்தத்தைக் கேட்டதும் தொழிற்சாலை போய்விட்டது என்றே நினைத்திருக்கிறாள். தான் தப்பித்துவிட்டதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அம்மா தாங்கமாட்டாள் என்று ஓடைப் பாதையில் அம்மா வேலை செய்த காட்டுக்கு ஓடியிருக்கிறாள். அம்மா வண்டிப்பாதையில் இங்கே ஓடி வந்திருக்கிறாள். மகள் போய்ப் பார்த்தால் காட்டில் ஆளே இல்லை. அந்த வழியாகத் திரும்பி வந்த சைக்கிள்காரர்தான் விஷயத்தைச் சொல்லி அழைத்து வந்திருக்கிறார். குடத்தைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

தாய் எழுந்தாள். வாசலுக்கு வந்ததிலிருந்து வாயே திறக்காதவள், மகள் கிட்டே வந்ததும் கத்தினாள்.

"ஏட்டி, எங்கட்டி போய்த் தொலைஞ்ச? அங்கன என்னட்டி சோலி ஒனக்கு?"

"ஒன்னையத் தேடித்தாம்மா போனேன்!"

"நான் ஒன்னையத் தேடி இங்க வந்திருக்கேன், நீ என்னையத் தேடி அங்கிட்டுப் போனியா? கூறு இருக்காட்டி ஒனக்கு?"

பதினாறு பதினேழு வயதுப் பெண் அவள். திட்டு வாங்கிக்கொண்டே அம்மாவின் தோளில் சாய்ந்தாள். அம்மாவின் திட்டும் நிற்கவில்லை, அணைத்த கையும் விலகவில்லை. நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போர்மேன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அதோடு முடியவில்லை. பதினொன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அந்த வழியாகப் போன பஸ் டிரைவர், புகையையும் ஓடும் ஜனங்களையும் பார்த்துவிட்டு சிவகாசியில் போய்ச் சொல்லியிருக்கிறார். வேனிலிருந்து முதலில் குதித்தது என் அக்கா. அவளுக்குப் பின்னால் வேனின் தரை முழுவதும் பச்சையாக வாழையிலைகள் விரித்திருந்தன. எதற்கு என்று எனக்குத் தெரியும். தீயில் வெந்தவர்களைத் துணியில் படுக்க வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால் இலையில் படுக்க வைப்பார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஆனால் என்னிடம் வரவில்லை. நேரே போர்மேனிடம் போய், "எத்தனை பேர்?" என்றாள்.

"யாருமில்ல சிஸ்டர். யாருக்கும் ஒண்ணுமில்ல."

அவளுக்கு அது காதில் ஏறச் சற்று நேரம் பிடித்தது. பிறகுதான் என்னிடம் வந்தாள். என் தலை, கை, முதுகு என்று தடவிப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, வேன் படியில் உட்கார்ந்தாள்.

"ஏலே, பத்துக் கட்டில் காலி பண்ணி வச்சிட்டு வந்திருக்கேன்லே. நேத்துப் பிள்ளை பெத்தவளைக்கூட வராந்தாவுக்கு மாத்திட்டேன். வர்ற வழியெல்லாம், நீ இந்தப் பத்துல ஒருத்தனா இருக்கணும்னு ஜெபம் பண்ணினேன். கட்டில் வரைக்காவது நீ வந்து சேரணும்னு. இப்படி ஒரு ஜெபம் பண்ண வச்சிட்டியேலே."

இதை எழுதும்போதும் என் கண் கலங்குகிறது.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. இனி வேலை ஓடாது என்று போர்மேன் எல்லோரையும் சாப்பிடச் சொன்னார். காட்டிலிருந்து வந்தவர்களின் கஞ்சிக் கலயங்கள் காட்டிலேயே கிடந்தன. அக்கா இலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். என்னைப் பருத்திமாரால் அடித்த அதே பெண் வேனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சிஸ்டரம்மா, அந்த எலையத் திருப்பிக் கொண்டுபோகாதீக. படுக்கப் போடக் கொண்டாந்த எலை. எங்க பிள்ளைக ஒக்காந்து அதுல சோறு திங்கட்டும். குடுங்க இங்க."

அக்கா மறுபேச்சுப் பேசாமல் எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்தாள். வேப்பமர நிழலில் இலைகளை வரிசையாகப் போட்டார்கள். வேலை செய்கிற பெண்கள் தங்கள் தூக்குவாளிகளைத் திறந்து, கம்பஞ்சோறும் புளிச்சோறும் துவையலுமாக, இருந்ததையெல்லாம் எல்லா இலைக்கும் பங்கு வைத்தார்கள். எனக்கும் அக்காவுக்கும் ஒரு இலை. என்னை அடித்தவளே என் இலையில் துவையலை வைத்து, "தோள் வலிக்காய்யா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். "வலிக்கட்டும். அப்பத்தான் மறக்க மாட்டீக" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு திரும்பியது.

சாப்பிட்ட பிறகுதான் ரெக்கார்டர் ஞாபகம் வந்தது. மேட்டில் போட்டது போட்டபடி கிடந்தது. டேப் முழுவதும் ஓடி முடிந்து, முனை 'டப் டப்' என்று அடித்துக்கொண்டு சுற்றியது. அப்படியானால் எல்லாம் பதிவாகியிருக்கிறது. வேப்பமரத்தடிக்கு எடுத்து வந்தேன். குடத்தோடு வந்த பெண் ஆவலாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, டேப்பைப் பின்னால் சுற்றிப் போட்டேன். வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிட்டவள், பிறகு கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நீதாம்மா! எம்பேரைச் சொல்லிக் கூப்பிடுற!" பிறகு என்னிடம், "எங்கம்மா ஏட்டி, மூதின்னுதாண்ணே கூப்பிடும். பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்ல" என்றாள்.

அம்மா வெட்கப்பட்டு வர மறுத்தாள். பிடித்து இழுத்து மாட்டிவிட்டார்கள். நாலு விநாடி கேட்டிருப்பாள். சட்டென்று கழற்றிவிட்டு, "இது எங்கொரலே இல்ல" என்றாள். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, வேட்டுச் சத்தத்தை வச்சுக்கோங்க. எங்க சத்தத்தை மட்டும் சினிமாவுல போட்டுராதீக" என்றாள். நான் வாக்குக் கொடுத்தேன்.

மகள் விடவில்லை. தன் பெயர் இருக்கிற துண்டைத் தனக்குத் தரச் சொன்னாள். கேட்பதற்கு இயந்திரம் வேண்டுமே என்றேன். பரவாயில்லை, வைத்துக்கொள்கிறேன் என்றாள். கல்லூரி டேப்பை இப்படி வெட்டுவது குற்றம்தான். பிளேடை எடுத்து, அம்மா கூப்பிடுகிற அந்த இடத்தை மட்டும் வெட்டினேன். ஒரு முழம் இருக்கும். பழுப்பு ரிப்பன் மாதிரி இருந்த அதை விரலில் சுற்றி, ஒரு காலித் தீப்பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் வரை ஆஸ்பத்திரியில் அக்காவோடு கட்டில்களை மறுபடி பழைய இடத்துக்குத் தள்ளினேன். வராந்தாவில் இருந்த பிள்ளை பெற்றவளிடம் மன்னிப்புக் கேட்டேன். காற்று நன்றாக வந்தது, இங்கேயே இருக்கிறேனே என்றாள் அவள்.

சென்னையில் ஆசிரியர் அந்த வெடியைக் கேட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மீதியையும் ஓடவிடு என்றார். மீதியை வழியிலேயே அழித்துவிட்டேன் என்று சொல்லி, ஏன் என்பதையும் சொன்னேன். அவர் இயந்திரத்தை நிறுத்தினார். வெடிக்கு நல்ல மதிப்பெண் போட்டார். டேப்பை வெட்டியதற்குக் கொஞ்சம் குறைத்தார். இரண்டும் நியாயம்தான்.

அதன் பிறகு பல வருடங்கள் ஒலிப்பதிவில்தான் வேலை செய்தேன். எத்தனையோ வெடிகளைப் பதிவு செய்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால், தெரிய வேண்டியவர்கள் எல்லோருக்கும் தெரியுமா என்று நானே நடந்து போய்க் கேட்டு வருவேன். கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும் என்று விட்டுவிடுவேன். சிவகாசிப் பக்கம் அதன் பின் எத்தனையோ நிஜமான விபத்துகள் நடந்துவிட்டன. அந்தச் செய்திகளைப் படிக்கிற நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அன்று அந்த வேன் வெறுமையாகத் திரும்பியது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அப்போது இன்னும் நன்றாகப் புரியும். இப்போது வயதாகிவிட்டது. தீபாவளியன்று தெருவில் ஏதாவது பெரிய வெடி வெடித்தால் பேரப்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் மட்டும் அது அடங்கிய பின் என்ன சத்தம் வருகிறதென்று காது கொடுத்துக் காத்திருப்பேன். அது சிரிப்புச் சத்தம்தான் என்று தெரிந்த பிறகே எனக்கு மூச்சு வரும்.